கடலோடிகளின் தன்னார்வப் பணி

படகும் கடலறிவும் உள்ளவர்கள் கூலி எதிர்பாராமல் தீவுகளிலும் வெள்ளம் சூழ்ந்த ஊர்களிலும் சிக்கியோருக்கு உதவுவதும், கடல்வாழ் உயிர்களைக் காப்பதும் கடலோடிகளின் தன்னார்வப் பணி எனப்படும். பசிபிக் பெருங்கடலில் இதைப் பெரும்பாலும் பாய்மரப் படகில் உலகம் சுற்றுவோர் செய்கிறார்கள். தமிழகக் கரையிலும் கேரளக் கரையிலும் செய்பவர்கள் மீனவர்கள்.

பசிபிக்கின் சிறு தீவுகள் பலவற்றில் துறைமுகம் கிடையாது. சுற்றிலும் பவளத்திட்டு இருப்பதால் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. பாய்மரப் படகோ திட்டின் இடைவெளி வழியே உள்ளே போய் நங்கூரமிட்டுவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, வானொலி, கரைக்குப் போய்வரச் சிறு ரப்பர் படகு ஆகியவை அவற்றில் பலவற்றில் இருக்கும். 2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டுவைத் தாக்கியபோதும், 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் பிஜியைத் தாக்கியபோதும் மருந்தும் விதையும் தார்ப்பாயும் இத்தகைய படகுகளில் வெளித்தீவுகளுக்குப் போயின. சீ மெர்சி என்ற அமைப்பு இப்படகுகளை ஒருங்கிணைத்து மருத்துவ உதவியும் புயல் நிவாரணமும் வழங்குகிறது. நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட ஓஷன்ஸ் வாட்ச் பவளப்பாறைக் கணக்கெடுப்பில் கவனம் செலுத்துகிறது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்பசிபிக்கில் புயல் காலம். அப்போது பயணப் படகுகளில் பெரும்பாலானவை நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஒதுங்கிவிடும். உதவி மிகவும் தேவைப்படும் நாளில் உதவக்கூடியவர் அருகில் இருப்பதில்லை. அவர் வந்து சேரப் பல நாட்கள் ஆகும்.

அந்தந்தக் கரையிலேயே வாழும் மீனவர்களுக்கு இந்தத் தொலைவு இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல கடலிலேயே இருந்தன. தேடும் பணி மந்தமாக நடந்ததால் குமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே புறப்பட்டுப் போய்த் தேடினார்கள். காற்றில் அடித்துச் செல்லப்பட்ட படகுகள் பல லட்சத்தீவுகளை அடைந்தன. கடலோடிகள் தீவுக்கு உதவும் வழக்கத்துக்கு மாறாக, அங்கே தீவுக்காரர்கள் கடலோடிகளுக்குச் சோறும் தங்குமிடமும் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டே இதே கரையின் மீனவர்கள் உள்நாட்டுக்குப் படகு கொண்டுபோக நேர்ந்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட வெள்ளம் 1924க்குப் பிறகு அம்மாநிலத்தில் மிகப் பெரியது. கொல்லம், விழிஞ்ஞம், பூந்துறைப் படகுகள் லாரியில் ஏற்றப்பட்டுச் செங்கன்னூர்ப் பக்கம் போயின. முனம்பத்துப் படகுகள் பரவூர், ஆலுவாவுக்குப் போயின. கடலில் அலையைப் பார்த்து ஒதுங்கலாம். தெருவெள்ளத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நீருக்கடியில் கிடந்தது. மதில் சுவரும் இரும்புக் கேட்டும் ஃபைபர் படகின் அடியைக் கிழித்தன. இன்ஜின் விசிறியில் கயிறும் கம்பியும் சுற்றிக்கொண்டன. இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டுக் கழியால் தள்ளியும், கழுத்தளவு நீரில் இறங்கிப் படகை இழுத்தும் வீடு வீடாகப் போனார்கள். மாநில அரசின் கணக்குப்படி 669 படகுகளில் 4,537 மீனவர்கள் குறைந்தது 65,000 பேரை மீட்டார்கள். முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்றார். நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருள் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. சேதமான படகுகளைச் சரிசெய்யும் பொறுப்பையும் ஏற்றது. மனிதரை மீட்டதற்குப் பணம் வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் இருந்தார்கள். அந்தப் பெருந்தன்மை பாராட்டுக்குரியது. ஆனால் உடைந்த படகின் செலவை மீனவர் தலையில் கட்ட அதைச் சாக்காக்கக் கூடாது.

தமிழகத்தில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையிலும் மீன்பிடிப் படகுகள் இவ்வாறே தெருக்களில் ஓடின. இரண்டாம் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரக் கிராமங்கள் நிலத்தொடர்பு அறுந்து நின்றன.

உயிரினப் பாதுகாப்பில் மீனவரின் பங்கு பெரும்பாலும் வலையை அறுப்பதில் அடங்கியிருக்கிறது. பாக் நீரிணையில் ஆவுளியா என்று அழைக்கப்படும் கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்தாக வேண்டும். செவுள் வலையில் மாட்டினால் மூச்சுத்திணறிச் செத்துவிடும்; ஆகவே அதை விடுவிக்க நேரம் பார்க்க முடியாது, வலையை வெட்டத்தான் வேண்டும். முன்பு இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்ட இவ்விலங்கைத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்ட மீனவர்கள் இப்போது உயிரோடு கடலில் விடுகிறார்கள்; வனத்துறை அவர்களுக்கு வெகுமதி தருகிறது. 2022 செப்டம்பரில் இவ்விரு மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

அறுத்த வலைக்கு இழப்பீடு தருவதில் குஜராத் முன்னோடி. அங்கே திமிங்கலச் சுறாவைக் காக்கும் இயக்கம் 2004இல் தொடங்கியது. விடுவித்ததைத் தாமே படம் எடுத்துக் காட்ட மீனவர்களுக்குக் கேமரா கொடுக்கப்பட்டது. அந்தப் படமே அறுந்த வலைக்குத் தொகை பெறச் சான்றானது. அதிகாரி நேரில் வந்து பார்க்கும்வரை சுறா வலையில் காத்திருக்க வேண்டியதில்லை. கடலோர மாநிலங்கள் எல்லாம் பின்பற்றத்தக்க எளிய ஏற்பாடு இது.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. பாம்பன் வட்டாரப் பெண்கள் படகில் போய் இத்தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை முதலிய பாசிகளை எடுத்து விற்று வந்தவர்கள். பூங்கா வந்ததும் அந்தத் தொழில் தடைக்குள்ளானது. அவர்கள் சங்கமாகத் திரண்டு, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்றும், பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிடுவது என்றும் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். துணி சுற்றிய விரல்களாலேயே பாசியைப் பிடுங்குகிறார்கள். இவர்களின் தலைவி, சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு, தீவுகளின் பாதுகாப்புக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜி 2015இல் தன் விருதை வழங்கியது. ஆனாலும் தேசியப் பூங்காவுக்குள் பாசி எடுப்பதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.