நிலவறையிலிருந்து ஒரு வாழ்த்து

பெர்லினில் பிரின்ஸ் ஆல்பிரெக்ட் தெருவில் இருந்த, நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் தலைமையகத்துக்கு அடியில் ஒரு நிலவறைச் சிறை. 1944 டிசம்பர் 19 தேதியிட்ட கடிதம் ஒன்றை அங்கிருந்து டீட்ரிஷ் போன்ஹோஃபர் எழுதினார். லூத்தரன் போதகர், வயது 38. கடிதம் போனது மரியா ஃபான் வெடமையருக்கு, அவருக்கு வயது 20. நிச்சயம் செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மாப்பிள்ளை அதில் பெரும்பகுதியைச் சிறையில்தான் கழித்திருந்தார். போன சில மாலைகளில் தோன்றிய வரிகள் என்று சொல்லி, கடிதத்தோடு ஒரு கவிதையையும் சேர்த்திருந்தார். உனக்கும் அப்பா அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் இது என் கிறிஸ்துமஸ் வாழ்த்து என்றார்.

நல்ல வல்லமைகள் தன்னைச் சூழ்ந்திருக்கின்றன என்று தொடங்கும் அந்த ஏழு சரணங்களைத்தான் இன்று ஜெர்மனியின் சபைகள் வருடக் கடைசி ஆராதனையிலும் அடக்க ஆராதனையிலும் பாடுகின்றன. எழுதியவர் மனதில் சபை இல்லை, ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டின் நிலைமையோ மோசம். ஹிட்லரைக் கொல்ல ஜூலை 20 அன்று வைத்த குண்டு பலிக்கவில்லை. போன்ஹோஃபருக்கும் தொடர்பிருந்த அந்தச் சதியின் பழைய கோப்புகள் செப்டம்பரில் கெஸ்டபோ கையில் சிக்கின. 1943 ஏப்ரலிலிருந்து டேகல் ராணுவச் சிறையில் இருந்த போன்ஹோஃபரை அக்டோபரில் இந்த நிலவறைக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணன் கிளவுஸும் சகோதரிகளின் கணவர்கள் இருவரும்கூட அப்போது காவலில். வாழ்த்தைப் படிக்கப்போகும் தாயின் இரண்டு மகன்களும் இரண்டு மருமகன்களும் சிறையில் என்று அர்த்தம். இன்னொரு மகனை அவர் முதல் உலகப் போரிலேயே இழந்திருந்தார்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு என்ன வாழ்த்து எழுதுவது? போன்ஹோஃபர் கொழுக்கொம்பாகப் பிடித்தது பெரிய இறையியல் எதையும் அல்ல. தொட்டில் பருவத்துப் பாட்டு ஒன்றை. தூங்கப்போகும் பிள்ளையின் படுக்கையைச் சுற்றித் தேவதூதர்கள் காவல் நிற்பதாக ஜெர்மானியத் தாய்மார் பாடுவது அது. கடிதத்தில் அதை நினைவுபடுத்தி, கண்ணுக்குத் தெரியாத இந்தக் காவல் குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்குக் குறைவாகத் தேவைப்படுவதில்லை என்கிறார். கவிதையின் நல்ல வல்லமைகள் அந்தத் தூதர்கள்தாம். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய மனிதர், நிலவறையில் அம்மாவின் தாலாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்.

ஆனால் அதைத் தாலாட்டாகவே விட்டுவிடவும் இல்லை. நடுவில் ஒரு சரணம் கசப்பான பாத்திரத்தைப் பற்றியது. விளிம்புவரை வேதனை நிரம்பிய அதைத் தேவன் நீட்டினால், அது நல்ல கையிலிருந்து வருவதால், நடுங்காமல் நன்றியோடு வாங்கிக்கொள்வோம் என்கிறார். 1970இல் சீக்ஃப்ரீட் ஃபீட்ஸ் போட்ட மெட்டில் கடைசிச் சரணமே பல்லவியாகத் திரும்பத் திரும்ப வரும். மெழுகுவர்த்தியிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சாவதும் அதே சரணம். இதமான வரிகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் பாத்திரத்தைத் தாண்டாமல் அந்த இதத்துக்கு வந்துவிட முடியாது என்பதே என் எண்ணம். அவர் வைத்த வரிசை அப்படி.

பாத்திரம் என்றதும் கெத்செமனே நினைவுக்கு வரும். தமிழ் வேதாகமத்தில் இயேசு அங்கே சொல்லும் 'கூடுமானால்' என்ற சொல்லும் கூடவே வரும். கவிதையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. கூடுமானால் எங்களை மறுபடி ஒன்றுசேர்த்தருளும் என்ற வேண்டுதல். உறுதியாகச் சேர்ப்பீர் என்று அவர் எழுதவில்லை.

1945 பிப்ரவரியில் அவரை நிலவறையிலிருந்து வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். மரியா தேடிக்கொண்டு ஃபுளோசன்பூர்க் முகாம்வரை போனார். போன்ஹோஃபர் அங்கே இல்லை. அப்போது புக்கன்வால்ட் முகாமில் இருந்தார். ஃபுளோசன்பூர்க்குக் கடைசியில் கொண்டுவந்து, ஏப்ரல் 9 அதிகாலையில் தூக்கிலிட்டார்கள். அந்த மாதத்திலேயே அண்ணனும் மைத்துனர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள்.

போர் முடிந்தும் பெர்லின் வீட்டுக்குச் சரியான தகவல் வரவில்லை. ஜூலை 27 அன்று லண்டனில் ஒரு நினைவு ஆராதனை நடந்தது, பிபிசி அதை ஒலிபரப்பியது. அப்பாவும் அம்மாவும் வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்து கேட்டார்கள். நினைவுகூரப்பட்டவர் அவர்கள் மகன்.