'யார் இப்படி ஆக்கியது?' - ஒரு கேள்வியின் சரித்திரம்

பிறந்தபோது குறித்த பாலில் தன்னை உணராத குழந்தையை எப்படி வளர்ப்பது என்ற சர்ச்சை மேல்நாடுகளில் பத்துப் பதினைந்து வருஷங்களாகக் கோர்ட்டிலும் சட்டசபையிலும் ஆஸ்பத்திரியிலும் நடந்து வருகிறது. நம் பத்திரிகைகளில் இதன் எதிரொலி கேட்கும்போது இரண்டில் ஒரு தொனிதான் இருக்கிறது. மேற்கத்தியச் சீரழிவின் கடைசி அத்தியாயம் என்பது ஒன்று. மேற்கத்திய முன்னேற்றத்தின் கடைசி அத்தியாயம் என்பது மற்றது. இரு தரப்பும் ஒத்துப்போகிற ஒரு விஷயம் உண்டு: இது புதிது, வெளியிலிருந்து வந்தது என்பது. இந்த ஒற்றுமையின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சர்ச்சையைச் சற்றுக் கிளறினால், 'எப்படி வளர்ப்பது' என்ற கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பது தெரிகிறது. 'இதை இப்படி ஆக்கியது யார்?' நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே இந்தக் கேள்வி நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

1871-ஆம் வருஷத்து 27-வது சட்டம், குற்றப் பரம்பரைச் சட்டம், தமிழனுக்குப் பாதிதான் தெரியும். 1911-ல் திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கு வந்தது அதன் முதல் பகுதி. 1920-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததால் அது நம் ஞாபகத்தில் தங்கிவிட்டது. இரண்டாவது பகுதி நம் பக்கம் வரவில்லை. அது 'யூனக்' என்று ஆங்கிலேயன் பெயரிட்டவர்களைப் பற்றியது. நடைமுறையில், வட இந்தியாவின் ஹிஜ்ராக்களைப் பற்றியது.

இந்தப் பகுதியின்படி அவர்களுடைய பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவானவர் பொது இடத்தில் பெண் உடையில் தோன்றினாலோ, ஆடினாலோ, இரண்டு வருஷம் வரை சிறை. அவர் உயில் எழுத முடியாது, தானம் கொடுக்க முடியாது, மகவு எடுக்க முடியாது, யாருக்கும் கார்டியனாக இருக்க முடியாது. பதினாறு வயது நிறையாத பையனைத் தன் வீட்டிலோ தன் ஆளுகையிலோ வைத்திருந்தால் அதற்கும் இரண்டு வருஷம் வரை சிறை. பையனை மாஜிஸ்டிரேட் பெற்றோரிடம் ஒப்படைப்பார். பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வேறு ஏற்பாடு செய்வார்.

அதிகாரிகள் இதற்குச் சொன்ன நியாயம், ஹிஜ்ராக்கள் பையன்களைக் கடத்திக்கொண்டு போய் அறுத்துத் தங்களைப் போல ஆக்கிவிடுகிறார்கள் என்பது. 1852-ல் மைன்புரி ஜில்லாவில் பூரா என்ற ஹிஜ்ரா கொலையுண்டார். கொலையானவர் அவர். ஆனால் வழக்கை விசாரித்த நீதிபதிகளின் அருவருப்பு கொலையாளியைத் தாண்டி, கொலையானவரின் சமூகத்தின் மேல் போய் விழுந்தது. அங்கிருந்து வளர்ந்த பீதிதான் இருபது வருஷத்தில் சட்டமானது. இந்த ஆவணங்களை நுணுக்கமாகப் படித்து 2019-ல் புத்தகமாக எழுதிய ஜெஸ்ஸிகா ஹிஞ்சி என்ற சரித்திர ஆசிரியர் ஒரு கணக்குத் தருகிறார். 1860-க்கும் 1880-க்கும் இடையில் பதிவான 'யூனக்'குகளோடு வசித்ததாகத் தெரியவந்த பையன்கள் தொண்ணூறிலிருந்து நூறு பேர். அவர்களில் உறுப்பு நீக்கப்பட்டவர்கள் வெகு சிலர். பெரும்பாலோர் தங்களைப் பெற்றவர்களோடேயே அங்கு இருந்தார்கள். 

பீதி ஒன்று சொல்ல, பதிவேடு வேறொன்று சொல்லியிருக்கிறது. பதிவேட்டை எழுதிய சர்க்காரே அதை நம்பவில்லை. விற்கவும் கடத்தவும் பட்ட குழந்தைகள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். காப்பாற்றப்பட வேண்டியவர்கள் அந்த நூறு பேரிலும் இருந்திருக்கக்கூடும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டத்தின் குறி வேறு. ஹிஜ்ரா சமூகம் மெல்ல மெல்ல அற்றுப்போக வேண்டும் என்பது அதிகாரிகள் மறைக்காமல் எழுதிக்கொண்ட விஷயம். குருவுக்குச் சேலா இல்லாமல் போனால் மரபு ஒரு தலைமுறையில் முடிந்துவிடும் என்பது அதன் கணக்கு. குழந்தையைக் காப்பது என்பது, ஒரு கூட்டத்தை இல்லாமலாக்குவதற்கு மிகவும் கௌரவமான வழியாக இருந்திருக்கிறது.

சட்டத்தின் வாக்கிய அமைப்பை இலக்கிய வாசகன் கவனிக்க வேண்டும். பையன் அங்கு செயப்படுபொருளாக மட்டுமே வருகிறான். அவனை ஒருவர் 'வைத்திருக்கிறார்', இன்னொருவர் 'ஒப்படைக்கிறார்'. ஏன் வந்தாய், திரும்பிப் போக உனக்கு விருப்பமா என்று அவனைக் கேட்க வேண்டிய அவசியத்தைச் சட்டம் உண்டாக்கவில்லை.

1911-ல் இந்த இரண்டாம் பகுதி ரத்தாயிற்று. ஆனால் நிஜாமின் ஹைதராபாத்தில் 1919-ல் இதே அச்சில் வார்த்த ஒரு சட்டம் வந்தது. பதிவேடு, பெண் உடைக்குத் தண்டனை, பதினாறு வயதுக்குட்பட்ட பையன், எல்லாம் அதிலும் உண்டு. நிஜாம் போனார், ஆந்திரம் வந்தது, தெலங்கானா பிரிந்தது. சட்டம் மட்டும் புத்தகத்தில் இருந்துகொண்டே இருந்தது. தெலங்கானா உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது 2023 ஜூலையில்.

மைன்புரி பீதிக்குப் பிறகு நூற்றிருபது வருஷம் கழித்து, இதே கேள்வி லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ளைக் கோட்டு அணிந்து வருகிறது. இங்கு சந்தேகம் அந்நியக் குருவின் மேல் இல்லை, பெற்ற தாயின் மேல். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரெக்கர்ஸ், ஐவார் லோவாஸ் என்ற இருவரும் 1974-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை பிரசுரித்தார்கள். அதில் 'கிரெய்க்' என்ற மாற்றுப் பெயரில் வரும் பையனுக்குச் சிகிச்சை தொடங்கியபோது ஐந்து வயதுகூட நிறையவில்லை. பெண்பிள்ளை விளையாட்டும் உடையும் அவனுக்குப் பிடித்திருந்தன. தொலைக்காட்சியில் ஒரு டாக்டர் இப்படிப்பட்ட பையன்களைப் பற்றிப் பேசியதைப் பார்த்துப் பயந்துபோய் அழைத்து வந்தவள் தாய்.

சிகிச்சை இப்படி. ஓர் அறையில் இரு வகைப் பொம்மைகள். தாயின் காதில் ஒரு கருவி. பையன் பெண் பொம்மையை எடுத்தால் அவனைப் பார்க்காதே என்று காதில் உத்தரவு வரும், தாய் கையிலுள்ள புத்தகத்தில் கண்ணைப் புதைத்துக்கொள்வாள். துப்பாக்கியை எடுத்தால் சிரித்துப் பேசுவாள். வீட்டில் வில்லைகள். ஆண்பிள்ளை நடத்தைக்கு நீல வில்லை, அதற்கு மிட்டாய் முதலிய சன்மானம். பெண்பிள்ளை நடத்தைக்குச் சிவப்பு வில்லை, அதற்குத் தண்டனை, தகப்பனாரின் அடி உட்பட. கட்டுரை இதை வெற்றி என்று பதிவு செய்தது. அந்தப் பையன் முப்பத்தெட்டு வயதில், 2003-ல், தற்கொலை செய்துகொண்டார். 2011-ல் குடும்பத்தார் தொலைக்காட்சியில் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர் வளர்ந்து திருநங்கை ஆகவில்லை. ஆண்களை விரும்பும் ஆணாக இருந்தார். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தாய் தொலைக்காட்சியில் பார்த்த அந்த டாக்டர், ரிச்சர்ட் கிரீன், இப்படிப்பட்ட பையன்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1987-ல் எழுதிய புத்தகத்திலும் முக்கால்வாசிப் பேர் ஓரினச் சேர்க்கையாளர்களாகவோ இருபாலரையும் விரும்புபவர்களாகவோ வளர்ந்தார்கள், பாலினம் மாற விரும்பியவர் ஒரே ஒருவர் என்றுதான் இருக்கிறது. 'பார், தானாக மாறிவிடும், அவசரப்படாதே' என்று ஒரு தரப்பு இதை எடுத்துக்கொள்கிறது. 'பொம்மை விளையாடிய பையன் வேறு, நான் பெண் என்று விடாமல் சொல்லும் குழந்தை வேறு, இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு எண்ணினாய்' என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டும் காது கொடுக்க வேண்டிய வாதங்கள். ஆனால் இவை எதிலிருந்தும் சிவப்பு வில்லைக்கு நியாயம் கிடைக்காது.

பிறகு ஆம்ஸ்டர்டாமும் லண்டனும். பெக்கி கோஹன்-கெட்டனிஸ் 1987-ல் ஹாலந்தில் சிறுவர்களுக்கான சிகிச்சையகம் தொடங்கினார். பருவம் வருவதை மருந்தால் தள்ளிவைத்து, யோசிக்க அவகாசம் தருவது அங்கு முறைப்படுத்தப்பட்டது. 1989-ல் தொடங்கிய லண்டன் பிரிவுக்கு 2011-12-ல் அனுப்பப்பட்ட குழந்தைகள் 250-க்கும் சற்றுக் குறைவு, 2021-22-ல் 5,000-க்கும் மேல். எண்ணிக்கை ஏறியதும் பழைய கேள்வி திரும்பி வந்தது. ஆக்கியது யார்? இணையமா, பள்ளிக்கூடமா, டாக்டரா? பிரிவு 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அடுத்த மாதம் வெளியான ஹிலரி காஸ் அறிக்கை, இந்தச் சிகிச்சைகளுக்கான சான்றுகள் பலவீனமானவை என்றது. அந்த வருஷக் கடைசியில் பிரிட்டன், ஆராய்ச்சிக்கு வெளியே இந்த மருந்தைப் புதிதாகச் சிறுவர்களுக்குத் தருவதைக் காலவரையின்றித் தடுத்தது. அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தின் தடைச் சட்டம் செல்லும் என்று 2025 ஜூனில் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது.

சான்று பலவீனம் என்பதும், கடத்திக்கொண்டு போகிறார்கள் என்பதும் ஒன்றல்ல. காஸ் அறிக்கையை 1871-ன் வாரிசு என்று வைதுவிட்டுப் போவது சோம்பேறித்தனம். ஒரு மருந்து குழந்தையின் எலும்பையும் மூளையையும் என்ன செய்யும் என்று கேட்பது நியாயமான கேள்வி, குழந்தையின் பொருட்டே கேட்கப்பட வேண்டியது. ஆனால் மருந்து கூடாது என்று முடிவான பிறகும் குழந்தை அங்கேயே நிற்கிறது. அதற்குப் பெயர் வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு கழிப்பறை வேண்டும், அடிக்காத ஒரு வீடு வேண்டும். 'ஆக்கியது யார்' என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்தது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் ஒரு கையேடு தயாரித்தது. 2021 நவம்பரில், குழந்தை உரிமைகளுக்கான தேசிய ஆணையம் ஆட்சேபித்ததும், அது சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து மறைந்தது. ஆட்சேபங்களில் ஒன்று, பொதுவான கழிப்பறை பற்றியது. இப்படி அவசரமாக வாபஸ் வாங்கியது வேதனை தருவதாகச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொல்ல வேண்டியிருந்தது.

2019-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தை 1871-ன் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. திருநர் என்ற காரணத்துக்காகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது, கோர்ட் உத்தரவு இருந்தாலொழிய, என்றது சட்டம். நல்லெண்ணம்தான். குடும்பத்தால் பராமரிக்க முடியாவிட்டால் மறுவாழ்வு மையம். குடும்பம் என்றால் ரத்தம், விவாகம், சட்டப்படியான தத்து. நடுவில் விடுபட்டுப் போனது எது என்று பார்க்க வேண்டும். குருவின் வீடு. 1871-ன் பார்வையில் அது குற்றம் நடக்கும் இடம். 2019-ன் பார்வையில் அது இல்லவே இல்லை.

ரேவதியின் 'வெள்ளை மொழி'யைப் படித்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில், சொந்த வீட்டில் அடி வாங்கி, பதின்வயதில் வீட்டை விட்டு ஓடி, டில்லியில் ஹிஜ்ராக்களிடம் அடைக்கலம் ஆனவர் அவர். குருவின் வீடு சொர்க்கம் என்று அவர் எழுதவில்லை. அங்கும் அதிகாரம் உண்டு, அடி உண்டு, சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளையை 'மகளே' என்று கூப்பிட்ட முதல் வீடு எது என்பதைச் சட்டம் கேட்காமல் இருக்கலாம், இலக்கியம் கேட்காமல் இருக்க முடியாது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1994-ல் வந்தது, லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007-ல். நம் மொழியில் இந்தக் குழந்தைப் பருவத்தைப் பற்றி இருக்கும் சாட்சியம் எல்லாம், தப்பிப் பிழைத்துப் பெரியவர்களானவர்கள் திரும்பிப் பார்த்து எழுதியதும், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் எழுதியதும்தான். தப்பாதவர்களுடையது இல்லை.

அதே 2019 சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் திருநர் என்று சான்றிதழ் கேட்டால் பெற்றோரோ கார்டியனோ விண்ணப்பிக்க வேண்டும் என்றது. வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த ஏற்பாடு பழக்கமானது. மைனர் கணக்கில் பையன் பெயருக்குக் கீழே தகப்பனார் கையெழுத்து. ஆனால் பத்து வயது நிறைந்த மைனர், வரம்புக்கு உட்பட்டு, சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. பணத்தின் விஷயத்தில் பத்து வயதுக்குக் கொஞ்சம் வாய் உண்டு என்று ஒத்துக்கொண்டாயிற்று. 'நான் யார்' என்று சொல்வதற்கு, யாருக்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறதோ அவர்களுடைய கையெழுத்தையே அந்தக் குழந்தை கேட்டு வாங்க வேண்டும்.

தமிழில் குழந்தை அழுகிறது, குழந்தை சிரிக்கிறது. அவன், அவள் என்று பிரிப்பதற்கு முன் நம் மொழி அதைக் கொஞ்ச காலம் இரண்டுக்கும் வெளியே வைத்திருக்கிறது. இதில் ஒரு சலுகை இருப்பதாக எண்ணிச் சந்தோஷப்படலாம். ஆனால் அஃறிணைக்குப் பேச்சு கிடையாது என்பதும் அதே இலக்கணத்தில் அடங்கியிருக்கிறது. 1871-ன் மாஜிஸ்டிரேட்டும் 1974-ன் ஆராய்ச்சியாளர்களும் 2021-ன் ஆணையமும் சலுகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பேச்சில்லாமையை மட்டும் விட்டுவைத்தார்கள். குழந்தை சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. பெரியவர்கள் சொல்வதும் எல்லாம் சரியல்ல, ஆனால் அவர்கள் சொல்வது எழுதிக்கொள்ளப்படுகிறது. குழந்தை சொன்னதையும் எழுதிக்கொண்ட பிறகு மருந்து, சட்டம், கழிப்பறை எதைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். இதுவரை நடந்த சண்டைகளில் அந்தப் பக்கம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.