பாலம் கடந்து பூசத்துக்கு



தை பிறந்துவிட்டால் ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களிலே ஒரு பேச்சு கிளம்பும். "இந்த வருஷமாவது பூசத்துக்குச் சிங்கப்பூர் போய் வரலாமா?" என்று வீட்டுக்காரி கேட்பாள். "பார்ப்போம், சம்பளம் போடட்டும்" என்பார் வீட்டுக்காரர். இன்று இந்தப் பயணத்தை நாம் வெளிநாட்டுப் பயணம் என்கிறோம். ஆனால் உங்கள் பாட்டனாரை யாராவது வெளிநாடு போகிறீர்களா என்று கேட்டிருந்தால், "நான் ஏனப்பா வெளிநாடு போகிறேன்? சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன்" என்றுதான் சொல்லியிருப்பார். போகிறவரும் மாறவில்லை, போகிற இடமும் மாறவில்லை. நடுவிலே எல்லைக்கோடு ஒன்று வந்துவிட்டது. அது வந்த கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் டோபி காட் என்ற இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். சிங்கப்பூர் நகரின் நடுவிலே, ஆர்ச்சர்ட் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அது. டோபி என்றால் உங்களுக்குத் தெரியும், துணி வெளுப்பவர். காட் என்பது வடநாட்டுச் சொல்; படித்துறை என்று பொருள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், சென்னைப் பக்கத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையிலே துணி துவைத்தார்கள். பக்கத்துப் புல்வெளியிலே உலர்த்தினார்கள். அந்த ஓடை பின்னாளில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆகிவிட்டது. துறை போயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று அங்கே மூன்று ரயில் தடங்கள் ஒன்றுகூடும் பெரிய நிலத்தடி நிலையம் இருக்கிறது. மேலே நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தால், இது ஒரு காலத்தில் வெளுத்த வேட்டிகள் காற்றிலே ஆடிய இடம் என்று நம்புவது கடினம்.

தைப்பூச நாளிலே காவடிகள் இந்த வழியாகத்தான் போகின்றன. சிராங்கூன் சாலையில் 1855-ஆம் ஆண்டில் தோன்றிய பெருமாள் கோயிலில் காவடி எடுப்பவர்கள், சிலிகி சாலை வழியாக டோபி காட் வந்து, அங்கிருந்து திரும்பி, டேங்க் ரோட்டிலுள்ள தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்கிறார்கள். நகரத்தார் 1859-இல் கட்டிய கோயில் அது. செட்டியார் கோயில் என்றே மக்கள் அழைப்பார்கள். மூன்று நான்கு கிலோமீட்டர் தூரம். தேக்காவைவிட்டு வெளியே வந்தபின் வெயில் நேராகத் தலையில் இறங்கும். டோபி காட் வரும்போது காவடி எடுப்பவரின் கால்கள் தளர்ந்திருக்கும். இனிமேல்தான் உறவுக்காரர்களும் சிநேகிதர்களும் பக்கத்திலே நின்று குரல் கொடுக்க வேண்டும்.

யார் இந்தச் சிநேகிதர்கள்? அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

கங்காணி ஆள் கட்டிக்கொண்டு வந்த காலத்திலும், அதன் பிறகு தாமாகவே சீட்டு எடுத்து வந்த காலத்திலும், நம்மவர் நாகப்பட்டினத்திலே கப்பல் ஏறினார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பல் 1973 வரை இந்த வழியிலே வந்து போய்க்கொண்டிருந்தது. பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று கரையோரமாக இறங்கி வரும். நாள் கணக்காக ஒரே தளத்திலே பாய் விரித்துப் படுத்து, ஒரே சோற்றை வாங்கித் தின்று, ஒன்றாக வாந்தி எடுத்து வந்தவர்களுக்குள்ளே ஒரு பாசம் உண்டாகிவிடும். ஒருவர் கிள்ளானிலே இறங்கிப் பால்மரம் வெட்டப் போவார். மற்றொருவர் சிங்கப்பூரில் இறங்கித் துறைமுகத்திலோ, நகராட்சியிலோ, செம்பவாங் கடற்படைத் தளத்திலோ வேலைக்கு அமர்வார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் பட்டண வேலை தேடிப் பாலத்தைத் தாண்டினார்கள். சொந்த அண்ணன் தம்பி இந்தியாவிலே இருக்க, இங்கே நல்லது கெட்டதுக்கு முன்னின்றவர்கள் இப்படிப்பட்ட சிநேகிதர்கள்தான். அவர்களை நம் பிள்ளைகள் சித்தப்பா என்றும் மாமா என்றும் அழைத்தார்கள். பெயருக்குத்தான் சிநேகிதம், நடைமுறையில் அது உறவேதான்.

அவர்களைப் பார்க்கப் போவது எப்படி? சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது 1903-இல். அதன் தெற்கு முனை எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே டேங்க் ரோடுதான்! முருகன் கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் கூப்பிடு தூரம். ஜொகூர்ப் பக்கத்து ரயில்பாதை 1909-இல் முடிந்தது. ஆனால் நடுவிலே கடல் இருந்தது. ஜொகூர் பாருவில் இறங்கி, படகேறிக் கடலைக் கடந்து, உட்லண்ட்ஸில் மறுபடி ரயில் ஏற வேண்டும். கையிலே குழந்தை, தலையிலே மூட்டை, கூடையிலே கோழி. வெறுங்கையோடு சிநேகிதர் வீட்டு வாசல் மிதிக்கிற வழக்கம் நம்மவருக்கு என்றுமே கிடையாது அல்லவா?

பிறகு பாலம் வந்தது. கல்லைக் கொட்டிக் கடலை மேடாக்கி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் கட்டினார்கள். 1923 அக்டோபரில் பயணிகள் ரயில் அதன்மேல் ஓடியது. 1924 ஜூன் 28-ஆம் நாள் முறைப்படி திறந்துவைத்தார்கள். இனி குளுவாங்கிலோ, ரெங்கத்திலோ, கூலாயிலோ ரயில் ஏறினால், இடையிலே படகு இல்லாமல் செட்டியார் கோயில் பக்கத்திலேயே இறங்கலாம் என்ற நிலை. இந்த வசதி 1932 வரைதான். அவ்வாண்டு மே மாதம் நிலையம் தஞ்சோங் பகாருக்கு மாறியது.

யுத்த காலத்தைப் பற்றி நீண்டு பேசப் போவதில்லை. 1942 ஜனவரி 31-ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை உடைத்தது. ஜப்பானியர் அதைச் செப்பனிட்டுக்கொண்டார்கள். அந்தப் பாலம் பிறகு எவ்வெவற்றைச் சுமந்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. தோட்டத்து ஆடவர் பலர் வடக்கே சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள். திரும்பாதவர் எத்தனையோ பேர். தெற்கே சிங்கப்பூருக்கு வந்தவர்களும் உண்டு. டோபி காட்டில் 1939-இல் எழுந்த கத்தே கட்டடத்திலேதான், 1943 அக்டோபர் 21-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அதற்கு அருகிலேயே வாட்டர்லூ தெருவில் தொடங்கியது. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் துப்பாக்கி பிடித்தது அங்கேதான். அவர்கள் வெளுக்கப் போட்ட துணி பார்க்க வந்தவர்கள் அல்லர். கோயிலுக்கு வந்தவர்களும் அல்லர். ஆயினும் சிங்கப்பூர் பார்த்து வந்த தோட்டத்துப் பெண்கள் வரிசையிலே அவர்களை விட்டுவிட முடியாது.

யுத்தம் முடிந்தது, 1948-இல் அவசரகாலம் வந்தது. அடையாள அட்டை இல்லாமல் வெளியே நடமாட முடியாது. கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று 1951-க்குப் பிறகு உணவுக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. அரிசியை இஷ்டப்படி கொண்டுபோக முடியாது. சிநேகிதர் வீட்டுக்குப் போகிற மூட்டையையும் அவிழ்த்துக் காட்ட வேண்டிய காலம். இருந்தும் போக்குவரத்து நிற்கவில்லை. 1952-இல் தமிழவேள் சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரிலே தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, பொங்கலும் நண்பர்களைக் கூட்டும் நாளாயிற்று. சாதியும் சமயமும் பாராமல் தமிழர் ஒன்றுகூடட்டும் என்பது அவருடைய நோக்கம். தைப்பூசத்துக்கு வராதவர்கள்கூட அதற்கு வர இடமிருந்தது.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன்.

1963-இல் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் பிரிந்தது. அன்று மாலையே பாலத்தை மூடிவிடவில்லை. முன்போலவே ரயில் ஓடியது, பஸ் ஓடியது. 1967-இல்தான் பாலத்தின் இரு தலைப்பிலும் குடிநுழைவுச் சோதனை வந்தது. அதுவரை சட்டைப்பையில் டிக்கெட் இருந்தால் போதும். இனிமேல் கடப்பிதழ் வேண்டும். தம்பி அக்கரையில் ஒரு நாட்டுக் குடிமகன். அண்ணன் இக்கரையில் வேறு நாட்டுக்காரர். இருவரும் வீட்டைவிட்டு அசையவேயில்லை!

படித்தவருக்கும் கடைக்காரருக்கும் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். தோட்டத்து ஏழைக்கு அப்படி அல்ல. பிள்ளை லயத்திலே பிறந்தது. பிறப்புப் பத்திரம் எடுக்க யாரும் பட்டணம் போகவில்லை. குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னபோது, "நாம்தான் இங்கேயே இருக்கிறோமே, அது எதற்கு?" என்று இருந்துவிட்டவர்கள் அநேகர். அவர்கள் கையிலே இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1969-இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, அந்தச் சிவப்பு நிறத்தின் பொருள் திடீரென்று தெரிந்தது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இருந்தவர்களுக்கும் மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பாலத்துக்கு அப்பால் இருக்கும் பேத்தியின் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் வேறு பயணப் பத்திரத்துக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். வேலை நாளில் அலைந்தால் அன்றையப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்திலே கல்யாணம். போக முடியாத பாட்டி. எல்லைக்கோடு என்றால் நிலப்படத்தில் இழுத்த மை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அது இப்படிப்பட்ட ஒரு கிழவியின் வாசற்படியிலும் இழுக்கப்படும் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

இதற்கிடையே வேறொரு சிறு மாறுதல். 1968 முதல் சிங்கப்பூரில் தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. ஜொகூரில் இன்றும் அது விடுமுறை நாள். விருந்தாளிக்கு லீவு, வீட்டுக்காரருக்கு வேலை! ஆகவே விருந்தாளி தாமே தேக்காவில் காப்பி குடித்துவிட்டு, டோபி காட் ஓரத்திலே காவடி பார்க்க இடம் பிடித்து நிற்க, வேலைக்குப் போன சிநேகிதர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து சேர்ந்துகொள்வார். இதுவும் ஒரு சந்திப்புத்தான்.

தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்த கடைசி ரயில் 2011 ஜூன் 30-உடன் நின்றது. இப்போது ரயில் உட்லண்ட்ஸ் வரைதான். பெரும்பாலோர் 170-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்துக் குவீன் தெருவில் இறங்கி, சிராங்கூன் சாலைக்கு நடந்தே போய்விடுகிறார்கள்.

யுத்தத்துக்குப் பின் கண்டிராத ஒன்று 2020-இல் நடந்தது. கொரோனா நோய் பரவியதால் மார்ச் 18-ஆம் நாள் மலேசியா போக்குவரத்தை நிறுத்தியது. அன்றாடம் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனவர்கள், எந்தக் கரையில் தங்குவது என்று ஓர் இரவிலே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. மாதம் ஒன்றோ இரண்டோ என்று நினைத்துப் போனவர்களுக்கு இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. பிறந்த குழந்தையைத் தொலைபேசியிலே பார்த்தவர்கள் உண்டு. இறந்த தாயின் முகத்தையும் அதிலேதான் பார்த்தவர்கள் உண்டு. 2021-இலும் 2022-இலும் சிங்கப்பூரில் காவடி ஊர்வலமே இல்லை. டோபி காட் சாலை பூச நாளிலும் வெறுமையாய்க் கிடந்தது.

2022 ஏப்ரல் 1-ஆம் நாள் பிறந்த நள்ளிரவிலே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பாலம் திறந்தது. மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையாகக் கடந்தன. நடந்தே போனவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் தைப்பூசம். காவடிகள் மறுபடி சிராங்கூன் சாலையிலிருந்து புறப்பட்டு, சிலிகி சாலையைத் தாண்டி, டோபி காட் திருப்பத்துக்கு வந்தன. சாலையோரத்திலே நின்ற கூட்டத்தில் அக்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்களும் இருந்தார்கள், கையிலே பைகளோடு.