நன்னீரும் உவர்நீரும்: தரைக்கீழ் நீரறிவின் வரலாறு

கடல் சூழ்ந்த தாழ்நிலங்களில் வாழும் மக்கள் கிணறு தோண்டி நன்னீர் பெறுதல் பண்டுதொட்டு நிகழ்ந்துவருவதாகும். சுற்றிலும் உவர்நீர் இருக்க, நடுவே நன்னீர் ஊறுவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடைகாண மனித அறிவு நெடுங்காலம் எடுத்தது. அவ்விடை பிறந்த வரலாறு, வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதாகும்.

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் தாயகமே இவ்வறிவு வளர்ந்த முதன்மையான களமாகும். ஆம்ஸ்ரடாம் நகரின் கால்வாய்கள் மாசடைந்திருந்தமையால் அந்நகர மக்கள் மழைநீரையும், படகுகளிற் கொணரப்பட்ட ஆற்றுநீரையும் நம்பி வாழ்ந்தனர். 1853 ஆம் ஆண்டிலே கடற்கரை மணற்குன்றுகளிலிருந்து குழாய் வழியாக நன்னீர் அந்நகரை அடைந்தது. தொடக்கத்தில் அந்நீர் வாளி ஒன்று ஒரு சதத்துக்கு விற்கப்பட்டது.

மணலின் அடியில் அந்நீர் எவ்வாறு தங்கியிருந்தது? இதற்குரிய விளக்கத்தின் முதற் சாயல் 1828 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தோன்றியது. யோசேப்பு டு கொம்மன் என்பவர், கடலின் வற்றுப்பெருக்கோடு கிணற்று நீர்மட்டமும் ஏறி இறங்குவதை ஆராய்ந்து, பாரங்குறைந்த நன்னீரைப் பாரங்கூடிய கடல்நீர் தாங்கி நிற்கின்றது என எழுதினார். எனினும் அக்கருத்து அறிஞர் கவனத்தைப் பெறவில்லை. பின்னர் ஒல்லாந்துப் படைத்துறைப் பொறியியலாளரான படோன் கைபன், ஆம்ஸ்ரடாமுக்கு அருகில் தோண்டக் கருதப்பட்ட கிணறொன்றைப் பற்றி 1888-89 இல் வெளியிட்ட குறிப்பிலே இவ்வுண்மையை மீண்டும் எடுத்துரைத்தார். வடகடற் கரையோரத் தீவுகளின் நீர் வழங்கலை ஆராய்ந்த ஜேர்மானியப் பொறியியலாளர் ஹேர்ஸ்பேர்க் என்பவரும் 1901 இல் அதே முடிவைத் தாமாகவே கண்டு வெளியிட்டார். இருவர் பெயராலும் இவ்விதி இன்று வழங்குகின்றது.

விதி எளிமையானது. நன்னீரின் அடர்த்தி 1.000 எனின், கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025 ஆகும். ஆகவே கடல் மட்டத்துக்குமேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை அது வில்லை வடிவிற் பரந்திருக்கும். இக்கணக்கில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மேலே நீர்மட்டம் 1 மீற்றர் தாழ்ந்து அந்நிலையிலேயே நீடிக்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 மீற்றர் அளவு மேலெழக்கூடும். நீர் குறைந்தவிடத்துக் கிணற்றை மேலும் ஆழமாக்குவோர் உவர்நீரையே நெருங்குகின்றனர்.

இவ்வெச்சரிக்கையின் மெய்ம்மையை ஆம்ஸ்ரடாம் தன் அனுபவத்தால் அறிந்தது. நகர நீர்ப்பகுதியின் தலைவராயிருந்த பெனிங்க் 1904, 1905 ஆம் ஆண்டுகளில் மணல் நிரப்பிய தொட்டிகளிற் பரிசோதனை செய்து, நன்னீரை இறைக்கும்பொழுது அதன் அடியிலே உவர்நீர் கூம்புபோல எழுவதைக் கண்கூடாகக் காட்டினார். ஆயினும் நகரின் தேவை பெருகப் பெருக நீர் அளவுக்கு மிஞ்சி எடுக்கப்பட்டது. ஈற்றில் 1957 ஆம் ஆண்டு முதல் றைன் ஆற்றுநீரைக் கொணர்ந்து மணற்குன்றுகளுள் ஊறவிட்டு, எடுத்ததை ஈடுசெய்யும் முறையை அந்நகர் மேற்கொண்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மணலுக்குப் பதிலாக மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் நீர்தாங்கியாக அமைந்துள்ளது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்கால மழையே அதற்குரிய பெருவரவு ஆகும். மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கிக் கடல்நீரின்மேல் தங்குகின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழ்பகுதி உவர்நீராகவும் இருப்பது, மேற்கூறிய விதிக்குக் கண்முன் நிற்கும் சான்றாகும். எனினும் கல்லிலுள்ள குகைகளும் வெடிப்புகளும் கடல்நீருக்கும் எளிதில் வழிவிடுவதால், மணல்நிலத்திலும் பார்க்க இங்கு இடர் மிகுதி எனலாம்.

முன்னாளில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து இறைக்க, மற்றொருவர் பாத்திகளுக்கு நீர் மாற்றத் தோட்டம் செய்தனர். மனித உழைப்பின் எல்லையே இறைப்பின் எல்லையாகவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவியபொழுது அவ்வெல்லை நீங்கியது. உழவரின் உடல் வருத்தம் குறைந்தமை பெரும் நன்மையே. ஆயின் நீருக்கு இருந்த இயல்பான காவலும் அதனுடன் அகன்றது.

கீழிருந்து உவர் அச்சுறுத்த, மேலிருந்து வேறோர் இடரும் வந்தது. செம்மண் தோட்டங்களில் இடப்படும் இரசாயன உரத்தின் எச்சமும் மலக்குழிகளின் கசிவும் வெடிப்புகளினூடாக விரைவில் நீரை அடைகின்றன. கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றுக் கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிக்கும் நோயை விளைவிப்பதை அமெரிக்க மருத்துவர் கொம்லி 1945 இல் எடுத்துக்காட்டினார். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இதன் எல்லையை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என வகுத்துள்ளது. செறிவான பயிர்ச்செய்கை நடைபெறும் பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980 களில் நடைபெற்ற ஆய்வுகள் வெளிப்படுத்தின.

ஆம்ஸ்ரடாம் ஆற்றுநீரை ஊறவிடத் தொடங்குவதற்கு முன்னரே, எடுத்ததை ஈடுசெய்யும் எண்ணம் யாழ்ப்பாணத்திலும் உருப்பெற்றிருந்தது. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கு அந்நீரைக் கொணர்ந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகளால் உவர்நீரைத் தடுத்து, சூழவுள்ள கிணறுகளை வளமாக்கும் திட்டமொன்றை 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்தார். அதன் உறுப்புகள் சில கட்டப்பட்டன; திட்டம் முழுமை பெறவில்லை.

பொருள் படைத்த ஒரு தலைநகருக்கு உதவத் தொலைவில் ஒரு பேராறு இருந்தது. குடாநாட்டுக்கோ வானமே ஆறு. ஆகவே குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரை நிலத்துள் இறங்கவிடுதலும், இறைப்பையும் உரத்தையும் அளவோடு கொள்ளுதலும் இங்கு உயிர்நாடியான கடமைகளாகும். எந்தக் கிணற்றுக்கும் வேலி உண்டு. அதன் அடியிலுள்ள நீருக்கு வேலி இல்லை. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவரின் கிணறும் உவராகும் என்பதே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வாராய்ச்சி வரலாறு தரும் பாடமாகும்.