முயல் துரத்தலிலிருந்து மாரத்தான் வரை: இங்கிலாந்தின் ஓட்டக் கிளப்புகள்

இங்கிலாந்தின் பழைய ஓட்டக் கிளப்புகளில் பல பெயரின் வாலில் ‘ஹாரியர்ஸ்’ என்று வைத்திருக்கும். பர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸ், சவுத் லண்டன் ஹாரியர்ஸ், சால்ஃபோர்டு ஹாரியர்ஸ் என்று பட்டியல் நீளும். முயல் வேட்டைக்குப் பழக்கிய நாய்க்குத்தான் அந்தப் பெயர். மனிதர்கள் நடத்தும் கிளப்புக்கு நாயின் பெயர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் பள்ளி மாணவர்களின் ஒரு விளையாட்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற உறைவிடப் பள்ளிகளில் மாணவர்கள் ‘முயலும் வேட்டை நாய்களும்’ ஆடினார்கள். முயலாக இருப்பவர் கிழித்த காகிதத் துண்டுகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் கிளம்புவார். வேலி, ஓடை, உழுத வயல் எதையும் பாராமல், காகிதத்தை வழிநெடுகத் தூவிக்கொண்டே போவார். சற்றுப் பொறுத்து மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பார்த்துத் துரத்துவார்கள். ஷ்ரூஸ்பரி பள்ளியில் இந்த ஓட்டம் பற்றிய எழுத்துக் குறிப்புகள் 1831இலிருந்து இருக்கின்றன. ரக்பி பள்ளி வாழ்க்கையைப் பற்றி தாமஸ் ஹியூஸ் எழுதி 1857இல் வெளிவந்த நாவல் இந்த விளையாட்டைப் பள்ளிச் சுவர்களுக்கு வெளியிலும் தெரியவைத்தது.

பெரியவர்களுக்கு இது வந்து சேர்ந்தது படகோட்டிகள் வழியாக. தேம்ஸ் ஆற்றில் துடுப்பு வலிக்கும் இளைஞர்களுக்குக் குளிர்காலத்தில் உடலைக் கட்டுக்குள் வைத்திருக்க ஏதாவது வேண்டியிருந்தது. 1867இன் இறுதியில் தேம்ஸ் படகுக் கிளப்பினர் விம்பிள்டன் பொதுவெளியில் ஓர் ஓட்டப்பந்தயம் நடத்திப் பார்த்தார்கள். அது பிடித்துப்போக, மறு ஆண்டு 1868இல் ‘தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்’ பிறந்தது. வயல், காடு வழியே ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கென்றே தொடங்கிய உலகின் முதல் கிளப் என்று அது கருதப்படுகிறது. இதற்குப் பின்னால் நின்றவர் வால்டர் ரை. அந்த ஓட்டத்தின் தந்தை என்று அவரைப் பின்னால் சொன்னார்கள்.

ரோஹாம்ப்டனில் இருந்த ‘கிங்ஸ் ஹெட்’ என்ற மதுவிடுதிதான் முதல் கூடுமிடம். கிளப்புக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. விடுதியின் ஓர் அறையில் உடை மாற்றி, அங்கிருந்தே ஓடி, சேற்றோடு அங்கேயே திரும்பி வருவார்கள். கழுவ வெந்நீர், பிறகு தேநீர், அதற்கும் பிறகு பீர். மற்ற கிளப்புகளும் இதே ஏற்பாட்டைப் பின்பற்றின. சனிக்கிழமை பிற்பகலில் வேகமானவர்கள் ஒரு கூட்டமாகவும் மெதுவானவர்கள் இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து கிளம்புவார்கள். மெதுவான கூட்டம் முதலில் புறப்படும். திரும்பி வரும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகச் சேர வேண்டும் என்பது கணக்கு.

1870களில் கிளப்புகள் பெருகின. ஒன்றோடொன்று மோதிப் பார்க்கும் ஆசையும் கூடவே வந்தது. 1876இல் லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஓடியவர்கள் 32 பேர். அத்தனை பேரும் தடம் தவறிக் காட்டுக்குள் திசைமாறிப் போனதால் போட்டியே செல்லாது என்று அறிவிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஒழுங்காக நடந்த ஓட்டத்தில் தேம்ஸ் கிளப்பைச் சேர்ந்த பெர்சி ஸ்டென்னிங் வென்றார். 1880 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவரை யாரும் முந்தவில்லை.

தேசியப் போட்டியில் தனி நபருக்குப் பரிசு உண்டு. ஆனால் கிளப்புகள் குறிவைத்தது அணிப் பரிசைத்தான். ஒரு கிளப்பின் முதல் ஆறு ஆட்கள் எந்தெந்த இடத்தில் வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள கிளப் வெல்லும். முதல் ஆறு இடங்களையும் ஒரே கிளப் பிடித்தால் 21 புள்ளி. அதைவிடக் குறைய வழியில்லை. ஒரு கிளப்பில் உலகத் தரமான ஓட்டக்காரர் ஒருவர் இருந்து முதலில் வந்தாலும், ஆறாவது ஆள் இருநூறாம் இடத்தில் தள்ளாடி வந்தால் எல்லாம் போயிற்று. அதனால் அந்த ஆறாவது ஆளைத் தேடிப் பிடிப்பதும், அவரைச் சனிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து கிளப்பி வருவதும் கிளப் செயலாளரின் தலையாய வேலையாயிற்று. இதைவிடத் தாராளமானது லண்டன் கிளப்புகளிடையே இன்றும் நடக்கும் ‘மாப் மேட்ச்’. ஆட்களுக்கு வரம்பே இல்லாமல் இரண்டு கிளப்புகளும் உறுப்பினர்களைத் திரட்டி வந்து இறக்கும். கடைசியில் மூச்சிரைக்க வருபவரின் இடமும் சில நேரம் கணக்கில் ஏறும். பிற விளையாட்டுகளில் திறமை குறைந்தவர் வேடிக்கை பார்க்க ஒதுங்கிவிடுவார். ஓட்டக் கிளப்பில் அவரும் உறுப்பினராக நீடித்ததற்கு இந்தக் கூட்டல் கணக்கு முக்கியக் காரணம்.

கிளப்பில் சேருவது ஆரம்பத்தில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஓர் உறுப்பினர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் வர்க்கம் என்ற பெரிய தடை இருந்தது. அக்கால ஓட்டப்பந்தயம் என்றாலே பந்தயப் பணமும் சூதாட்டமும் என்றுதான் பொருள். கேப்டன் பார்க்லே 1809இல் நியூமார்க்கெட்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு மைல் வீதம் ஆயிரம் மைல் நடந்ததும் ஆயிரம் கினி பந்தயத்துக்காகவே. இந்தச் சந்தைக்கடையிலிருந்து விலகி நிற்க 1866இல் கனவான்கள் ‘அமெச்சூர் அத்லெடிக் கிளப்’ தொடங்கினார்கள். காசுக்கு ஓடியவர்களை விலக்கியதோடு நிற்காமல், கைத்தொழிலாளி, கூலிக்காரர் எவரும் அமெச்சூர் ஆக முடியாது என்றும் விதி வைத்தார்கள். உடலுழைப்பால் உரமேறியவனோடு மோதுவது நியாயமல்ல என்பது வெளியே சொன்ன காரணம்; அவனோடு ஒரே அறையில் உடை மாற்ற விருப்பமில்லை என்பதும் அதில் கலந்திருந்தது.

1880 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டின் ராண்டால்ஃப் ஓட்டலில் கூடி ‘அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன்’ அமைத்தவர்கள் இந்தத் தொழிலாளர் விலக்கைக் கைவிட்டார்கள். பணம் வாங்காதவர் யாராயினும் ஓடலாம் என்றானது. தொழில் நகரங்களில் அதற்குள்ளாகவே கிளப்புகள் முளைத்திருந்தன. பர்மிங்ஹாமில் 1877இல் தொடங்கிய பர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸ் 1880இலேயே தேசிய கிராஸ் கன்ட்ரி அணிப் பட்டத்தை வென்றது. பாயும் கலைமானைச் சின்னமாகக் கொண்ட அந்த கிளப் அதன் பிறகு அந்தப் பட்டத்தை வென்ற தடவைகளுக்குக் குறைவில்லை. அதே நகரத்தின் மோஸ்லி ஹாரியர்ஸில் ஓடியவர் வால்டர் ஜார்ஜ். மருந்துக்கடையில் தொழில் பழகும் பையனாக நீண்ட நேரம் வேலை. ஓடப் போக நேரமில்லை. நின்ற இடத்திலேயே முழங்காலை இடுப்பு மட்டத்துக்கு உயர்த்தி நூறு எண்ணும் பயிற்சியைத் தனக்கென்று வகுத்துக்கொண்டார். 1882இலும் 1884இலும் தேசியப் பட்டம் வென்ற பின், பணத்துக்கு ஓடும் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கம்மிங்ஸோடு மோத வேண்டும் என்பதற்காகவே அமெச்சூர் தகுதியை உதறினார். 1886 ஆகஸ்டில் லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் அவர் ஒரு மைலை 4 நிமிடம் 12¾ விநாடியில் ஓடி முடித்தார். 1915 வரை அதைவிட வேகமாக எவரும் ஓடவில்லை.

தொழிலாளியை உள்ளே விட்டாலும் காசு விஷயத்தில் சங்கம் இறங்கி வரவில்லை. சவுத் லண்டன் ஹாரியர்ஸின் ஆல்ஃபிரட் ஷ்ரப் 1904 நவம்பரில் கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஒரு மணி நேரத்தில் 18.7 கிலோமீட்டர் ஓடி, போகிற போக்கில் பல தூரங்களின் சாதனைகளையும் முறியடித்தார். அடுத்த ஆண்டு, பணம் பெற்றார் என்று வாழ்நாள் தடை. இதைவிடக் கொடுமை ஜான் டாரன்ட்டுக்கு நடந்தது. பதின்ம வயதில் சில சில்லறைக் குத்துச்சண்டைகளில் மொத்தம் 17 பவுண்டு வாங்கியிருந்தார். அதை ஒளிக்காமல் சொன்னதே தவறாகப் போயிற்று. ஓட அனுமதி மறுக்கப்பட்டது. 1956இலிருந்து மாரத்தான் போட்டிகளில் கூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று புகுந்து, நெஞ்சில் எண் இல்லாமலே முன்னணியில் ஓட ஆரம்பித்தார். பத்திரிகைகள் ‘பேய் ஓட்டக்காரர்’ என்று எழுதின. 1958இல் உள்நாட்டுத் தடை நீங்கியது. அவர் சால்ஃபோர்டு ஹாரியர்ஸ் பனியனில் ஓடினார், 40 மைல், 100 மைல் ஓட்டங்களில் உலகின் சிறந்த நேரங்களைப் பதித்தார். நாட்டுக்காக ஓடும் அனுமதி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

மாரத்தானை இங்கிலாந்தில் வளர்த்ததும் ஒரு கிளப்தான். லண்டன் ரீஜென்ட் தெருவிலிருந்த பாலிடெக்னிக்கில் மாலை வகுப்புக்கு வந்த குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் சேர்ந்த பாலிடெக்னிக் ஹாரியர்ஸிடம் 1908 ஒலிம்பிக் மாரத்தானை நடத்தும் பொறுப்பு வந்தது. இத்தாலிய வீரர் டொராண்டோ பியெத்ரி துவண்டு எல்லைக்கோட்டைக் கடக்கும் புகழ்பெற்ற படத்தில், கையில் ஒலிகுழலோடு பக்கத்தில் நிற்பவர் அந்த கிளப்பின் செயலாளர் ஜாக் ஆண்ட்ரூ. மறு ஆண்டிலிருந்து கிளப்பே ஒரு மாரத்தானை ஆண்டுதோறும் நடத்தியது. 1953இல் அந்தப் பாதையில்தான் எஸெக்ஸ் பீகிள்ஸ் கிளப்பின் ஜிம் பீட்டர்ஸ் 2 மணி 18 நிமிடம் 40 விநாடியில் ஓடி, 2 மணி 20 நிமிடத்துக்குள் மாரத்தானை முடித்த முதல் மனிதரானார். பிழைப்புக்குக் கண்ணாடிக்கடை, ஓட்டம் வேலை முடிந்த பிறகு. போல்டன் யுனைடெட் ஹாரியர்ஸின் ரான் ஹில் துணித்துறை வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1970இல் பாஸ்டன் மாரத்தானையும் எடின்பரோ காமன்வெல்த் மாரத்தானையும் வென்றார். எடின்பரோவில் நேரம் 2:09:28. 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, ஒரு மைலாவது ஓடாமல் ஒரு நாளையும் அவர் விடவில்லை.

பெண்களுக்குக் கதவு இன்னும் தாமதமாகத்தான் திறந்தது. 1921இல் லண்டன் ஒலிம்பியேட்ஸ் என்ற பெண்கள் கிளப் உருவானது. 1927இல் அவர்களுக்கான தேசிய கிராஸ் கன்ட்ரி வந்தது. ஆனால் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்ததாகப் பத்திரிகைகள் பரப்பிய மிகைக்கதையால், அந்த ஓட்டம் 1960 வரை ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. இந்த இடைக்காலத்தைச் சேர்ந்தவர் டயான் லெதர். பர்மிங்ஹாமில் வேதியியல் பகுப்பாய்வு வேலை பார்த்தவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கைப் பார்த்து ஆசைப்பட்டு, அருகிலிருந்த பர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸில் போய்ச் சேர்ந்தார். பயிற்சியாளர் டொரெட் நெல்சன் நீல். அடுத்த ஆண்டே தேசிய கிராஸ் கன்ட்ரியை வென்றார். 1956 வரை நான்கு முறை. 1954 மே 26இல் ஒரு மைலை 5 நிமிடம் 0.2 விநாடியில் ஓடினார். மூன்று நாள் கழித்து, மே 29இல், கிளப்பின் சொந்த மைதானமான பெரி பாரில் 4 நிமிடம் 59.6 விநாடி. ஐந்து நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பெண் அவர். ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்தை உடைத்து 23 நாள்தான் ஆகியிருந்தது. பானிஸ்டரை உலகமே கொண்டாடியது. பெண்களின் மைல் ஓட்டத்துக்குச் சாதனைப் பட்டியலே வைத்திராத சர்வதேசக் கூட்டமைப்பு, 1967இல்தான் அதைத் தொடங்கியது.

காகிதத் தடம் இதற்கு வெகு முன்பே கிளப்புகளில் அருகிவிட்டது. கொடி நட்ட பாதைகள் அதன் இடத்துக்கு வந்தன. ஆனால் காகிதத் தடம் வேறொரு மண்ணில் உயிர் பிழைத்தது. 1938இல் கோலாலம்பூரில் ஆங்கிலேய அலுவலர்கள் சிலர் ரப்பர் தோட்டங்களுக்குள் காகிதம் தூவி ஓடி, ‘ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ என்று பெயரிட்டுக்கொண்டார்கள். போட்டியைவிட முடிவில் காத்திருக்கும் பீருக்கே மதிப்புத் தரும் அந்த வழக்கத்துக்கு இன்று உலகெங்கும் கிளைகள் உண்டு.

1881இல் தொடங்கிய ரானெலா ஹாரியர்ஸுக்கு இந்த வரலாற்றில் இரண்டு முறை முக்கிய இடம் கிடைத்தது. ரிச்மண்டை அடுத்த பீட்டர்ஷமில் டைசார்ட் ஆர்ம்ஸ் விடுதியில் கூடிய அந்த கிளப்பினர் சிலர் நியூயார்க் மாரத்தான் ஓடித் திரும்பி, நகரமே தெருவில் நின்று ஆரவாரம் செய்ததைப் பற்றிப் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர் கிறிஸ் பிராஷர். பானிஸ்டருக்கு வேகம் அமைத்துக் கொடுத்தவர், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடை ஓட்டத் தங்கம் வென்றவர். 1979இல் நண்பர் ஜான் டிஸ்லியோடு தானும் நியூயார்க்கில் ஓடிப் பார்த்தார். 1981 மார்ச் 29இல் முதல் லண்டன் மாரத்தான் நடந்தது. முடித்தவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். ஆண்களில் டிக் பியர்ட்ஸ்லி, இங்கெ சிமோன்சன் என்ற இருவர் கைகோத்து முதலாவதாக வந்தார்கள். பெண்களில் 43 வயது ஜாய்ஸ் ஸ்மித் 2:29:57இல் வென்றார். அதே ஆண்டு ஜூனில் கேட்ஸ்ஹெட் ஹாரியர்ஸின் பிரெண்டன் ஃபாஸ்டர் முயற்சியில் நியூகாசிலில் கிரேட் நார்த் ரன் தொடங்கியது. எந்த கிளப்பிலும் இல்லாத ஆயிரக்கணக்கானோர் ஓடத் தொடங்கினார்கள். ‘ரோடு ரன்னர்ஸ்’, ‘ஜாகர்ஸ்’ என்ற பெயர்களோடு புதிய கிளப்புகள் பெருகின. முன்மொழிவு, வழிமொழிவு எல்லாம் போய் விண்ணப்பப் படிவமும் சந்தாவும் போதும் என்றானது.

இரண்டாவது நிகழ்வு 2004 அக்டோபர் 2இல். ரானெலா உறுப்பினர் பால் சிண்டன்-ஹியூவிட் காயத்தால் ஓட முடியாமல் இருந்தார். நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க, புஷி பூங்காவில் 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து நேரம் குறித்துக் கொடுத்தார். முதல் வாரம் வந்தவர்கள் 13 பேர். அதுதான் பின்னால் ‘பார்க்ரன்’ ஆகிப் பல நாடுகளுக்குப் பரவியது. சந்தா இல்லை, ஒருமுறை பதிந்தால் போதும். கிளப்புகளுக்கு இனி ஆள் வராது என்று சிலர் அஞ்சினார்கள். ஆனால் பார்க்ரனில் ஓடிப் பழகியவர்கள் கிளப் கதவைத் தட்டுவதும் நடக்கிறது.

உச்சத்தில் ஓடுபவர்களுக்கும் கிளப் முகவரி உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் தங்கங்களை வென்ற மோ ஃபாரா நியூஹாம் அண்ட் எஸெக்ஸ் பீகிள்ஸ் உறுப்பினராக இருந்தார். ஜிம் பீட்டர்ஸின் பழைய கிளப்தான் இன்று அந்தப் பெயரில் இருக்கிறது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கிளப்புகளில் சந்தா கட்டலாம். ஆனால் தேசியப் போட்டிகளில் முதல் உரிமை உள்ள ஒரு கிளப்புக்காக மட்டுமே ஓட முடியும்; மாற வேண்டுமானால் அந்த முதல் உரிமையை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.