புழுங்கலரிசி காத்த இதயம்

மலாக்கா நகருக்கு வடமேற்கே நீரிணையை நோக்கி அமைந்த கடற்கரையூர் தஞ்சோங் கிளிங். கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து கிளைத்ததாகக் கருதப்படும் ‘கிளிங்’ என்ற சொல், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறி வந்த வணிகரைக் குறித்தது; பின்னாளில் இழிசொல்லாகத் திரிந்தது. வணிகருக்குப் பின் பாட்டாளிகள் வந்தனர். 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதன் பின்னர் மலாக்கா மண்ணில் தோட்டங்களும் தமிழர் குடியிருப்புகளும் பெருகின. அம்மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கங்களுள் புழுங்கலரிசிச் சோறு உண்பதும் ஒன்று. அவ்வழக்கம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றதைப் பலர் அறியார்.

அந்நாளைய மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் வீங்கும், மூச்சு முட்டும், கழுத்துச் சிரைகள் புடைக்கும், நேற்று நடமாடியவன் இன்று மாண்டுகிடப்பான். இதன் காரணத்தை உணர, குருதியோட்டத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

கைப்பிடியளவே உள்ள இதயம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது. வலப்பகுதி நுரையீரலுக்கும் இடப்பகுதி உடலெங்கும் அனுப்புகின்றன. தமனிகள் வழியே சென்று, மயிரினும் நுண்ணிய தந்துகிகளில் பரவி, சிரைகள் வழியே குருதி மீள்கிறது. இந்த ஓயா உழைப்புக்கு வேண்டிய ஆற்றலை உணவிலிருந்து பிரித்தெடுக்கத் தையமின் என்னும் உயிர்ச்சத்து துணைசெய்கிறது. அது குறைந்தால் இதயத்தசை தளர்கிறது. கைகால்களில் உள்ள நுண்குழாய்கள் விரிந்துவிட, குருதி தங்காமல் இதயத்தை நோக்கி விரைகிறது. தளர்ந்த இதயத்தின் மீதே மிகுந்த சுமை ஏறுகிறது. அது விரிந்து வீங்குகிறது. தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து கால்களில் தேங்குகிறது. நரம்புகளை வாட்டும் மற்றொரு வகைப் பெரிபெரியும் உண்டு; உயிரைத் திடீரெனப் பறிப்பது இதயத்தைத் தாக்கும் வகையே.

மலாக்காவை அடுத்த நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் ஒரு வேறுபாட்டைக் கண்டார். தீட்டிய சயாம் வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளர் நோயுற்றனர். புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். தம் நெல்லைத் தாமே குற்றியுண்ட மலாய்க்காரர்களிடமும் நோய் அருகியே காணப்பட்டது. 1907-இல் இதனை நூலாக வெளியிட்ட அவர், வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகக் கருதினார். கண்டது மெய், கூறிய காரணம் பிழை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் இதனைச் சோதித்தார். 1905-ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒரு பாதியினருக்குப் புழுங்கலரிசியும் மறுபாதியினருக்கு வெள்ளரிசியும் அளிக்கச் செய்தார். ஓராண்டில் வெள்ளரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் ஒருவரும் அந்நோயால் மாளவில்லை. மறுக்கவும் வழியற்ற மனிதரிடமிருந்து விலைக்கு வாங்கிய உண்மை அது. பின்னர் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு பகுதியில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, 1909-இல் அதனை உறுதிசெய்தனர். குறை, தீட்டும்போது கழியும் தவிட்டில் இருப்பதையும் காட்டினர். பத்தேவியாவில் எய்க்மன் கோழிகளைக் கொண்டு முன்னரே கண்டதும் இதற்கு இயைந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேற்படலத்திலுள்ள தையமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே, பின்னர் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. நெல்லவித்த பெண்கள் இதனை அறிந்து செய்தாரல்லர். குற்றும்போது நொய்யாகாது, நாட்பட இருக்கும் என்பதே அவர்கள் கண்ட பயன். 1936-இல் அச்சத்தைச் செயற்கையாக உருவாக்கிய இராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் என்பது வியப்புக்குரிய ஒற்றுமை.

ஆயினும் இதனைக் கொண்டு தோட்டத் தமிழர் நலமாய் வாழ்ந்தனர் எனக் கொள்ளலாகாது. மலேரியா குருதியின் சிவப்பணுக்களைச் சிதைத்தது. கொக்கிப்புழு குடலிலிருந்து குருதியை உறிஞ்சியது. சோகையுற்ற உடலுக்கு உயிர்வளியைக் கொண்டுசெல்ல இதயம் இரட்டிப்பாய் உழைத்தது. அரிசி ஒரு வாயிலை மட்டுமே அடைத்திருந்தது.

சப்பானியர் ஆட்சியில் அவ்வாயிலும் திறந்தது. 1942-க்கும் 1945-க்கும் இடையே மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலேரியாவும் சூழ்ந்த அக்காட்டு முகாம்களில், தீட்டிய அரிசியும் சிறிது காயுமே உணவாயின. கால் வீங்கி, மூச்சு முட்டி மாளும் பழைய நோய் அங்கே தோன்றியது. சில நாளில் அதனைத் தணிக்கவல்ல மருந்து, உருவாகி ஏழாண்டே ஆகியிருந்தும், அந்தப் பாட்டாளிகளுக்கு எட்டாததாகவே இருந்தது.