தமிழ்ப் புனைவுகளில் முற்பிறப்பு நினைவு

முற்பிறப்பு நினைவு என்பது ஒருவர் தாம் இதற்கு முன் எடுத்த பிறவியில் கண்டவற்றையும் செய்தவற்றையும் இப்பிறவியில் நினைவுகூர்வதாக அமையும் கதைக் கூறு ஆகும். தமிழில் இது மணிமேகலைக் காப்பியத்தில் விரிவாக இடம்பெற்று, இருபதாம் நூற்றாண்டில் புதினங்களிலும் திரைப்படங்களிலும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. மூதாதை நினைவு என்பது இதனோடு பெரிதும் குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு கூறு. இதில் நினைவு குருதி வழியாக, அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு, இறங்கி வருவதாகக் கொள்ளப்படுகிறது. முன்னதில் ஒரே உயிர் வெவ்வேறு குடிகளில் பிறக்கலாம். பின்னதில் உயிர்கள் வேறு, குடி ஒன்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு படித்தால் கீழ்க்காணும் கதைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது புலப்படும்.

மக்கள் வழக்கில் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். இறந்த பாட்டனே பேரனாக வந்து பிறந்தான் என்று குடும்பங்களில் கூறப்படுவதில் மறுபிறப்பும் மரபும் ஒன்றாகிவிடுகின்றன.

மணிமேகலை

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை முப்பது காதைகளைக் கொண்ட பௌத்த காப்பியம். உ. வே. சாமிநாதையர் இதனை 1898-இல் பதிப்பித்தார். முற்பிறப்பு நினைவே இக்கதையை நகர்த்தும் விசை எனலாம்.

புகார் நகரின் உவவனத்தில் சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையைத் தேடி வருகிறான். அவன் தன்னை இழிவாகப் பேசியபோதும் தன் நெஞ்சம் அவன் பின்னே செல்வது ஏன் என்று அவள் தோழி சுதமதியிடம் வியந்து கேட்கிறாள். அன்றிரவு மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. நாக நாட்டு அரசர் இருவர் உரிமை கோரிப் போரிட்டதும், புத்தர் அமர்ந்து அறம் உரைத்ததுமான பீடிகை அங்கே உள்ளது. அதனைக் கண்டு தொழுதவுடன் அவளுக்குப் பழம்பிறப்பு விளங்குகிறது. அப்பிறவியில் அவள் இரவிவன்மன் என்னும் அரசனின் மகள் இலக்குமி. அவள் கணவன் இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பினால் இறக்க, அவளும் தீப்புகுந்தாள். அந்த இராகுலனே இப்போது உதயகுமரன் என்று தெய்வம் கூறுகிறது. அவளுடைய அக்கையர் தாரையும் வீரையும் முறையே மாதவியாகவும் சுதமதியாகவும் பிறந்துள்ளனர். மணிபல்லவம் இன்றைய யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்று கருதுவோர் உளர்.

பிற்காலக் கதையாசிரியர் ஒருவர் இந்த இடத்தில் காதலர் இருவரையும் சேர்த்துவைத்திருப்பார். சாத்தனார் அதற்கு நேர்மாறாகச் செய்கிறார். காரணம் தெரிந்ததும் ஈர்ப்பு அவளை ஆளும் வலிமையை இழக்கிறது. அவள் அமுதசுரபியை ஏந்தித் துறவு வழியில் செல்கிறாள். எனினும் நினைவு அவளை முற்றாக விடுவிப்பதில்லை. காயசண்டிகையின் உருவில் அவள் இருந்தபோது, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் உதயகுமரனை வாளால் வெட்டிக் கொல்கிறான். அவள் பழம்பிறப்புக் கணவனுக்காக அழுகிறாள். அப்போது தூணில் உள்ள கந்திற்பாவை பேசி அவளைத் தடுத்து, இராகுலன் முன்பு சமையற்காரன் ஒருவனை வெட்டிக் கொன்ற வினையே இப்போது பலித்தது என்கிறது. அந்தச் சமையற்காரன் செய்த பிழை, முனிவருக்குரிய உணவை எடுத்து வருகையில் கால் இடறியது மட்டுமே.

ஆபுத்திரன்

இக்காப்பியத்தில் முற்பிறப்பு நினைவின் மிகவும் வியப்பான காட்சி ஆபுத்திரனுக்கு உரியது. சாலி என்னும் பார்ப்பனப் பெண் கைவிட்டுச் சென்ற குழந்தையை ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்விக்கெனக் கட்டிய பசுவை விடுவிக்க முயன்றதால் ஆபுத்திரன் ஊரை விட்டு விலக்கப்பட்டான். மதுரையில் பிச்சை எடுத்து வறியோருக்கு உணவளித்துவந்த அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். பின்னர் கப்பலில் சென்றபோது மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, உண்பிக்க ஆளில்லாத இடத்தில் பாத்திரம் வீணே என்று அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, தானும் உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அடுத்த பிறவியில் அவன் சாவக நாட்டில் புண்ணியராசன் என்னும் அரசன். மணிமேகலை அவனை மணிபல்லவத்திற்கு அழைத்து வருகிறாள். பீடிகையைக் கண்டு அவன் முற்பிறப்பை உணர்கிறான். பிறகு தீவதிலகை இடம் காட்ட, கடற்கரை மணலைத் தோண்டித் தன் பழைய உடலின் எலும்புகளையே காண்கிறான். அவனை விட்டுச் சென்றதற்கு வருந்தித் திரும்பிவந்து அங்கேயே உயிர்விட்ட செட்டிகள் ஒன்பதின்மரின் எலும்புகளும் அருகில் உள்ளன. அரசன் மனம் கலங்குகிறான். மணிமேகலை அவனைத் தேற்றி, நாடு திரும்பி மக்களுக்கு உணவும் உடையும் உறையுளும் வழங்கி அரசாளும்படி கூறுகிறாள்.

இங்கே நினைவு குலத்தைப் பின்பற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு பிறவியில் தமிழகத்தில் ஊர் விலக்கம் பெற்றவன் மறு பிறவியில் கடல் கடந்த நாட்டின் மன்னன். அவனுடைய எலும்புகளுக்கு அவனைத் தவிர வேறு வாரிசு எவரும் இல்லை. பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை மறுத்த சமயம் ஒன்றின் காப்பியத்தில் இது தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது.

வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயவாதிகளைச் சந்திக்கும் காதையிலும் இக்கருத்து வேறு வடிவில் வருகிறது. பூதவாதி என்னும் உலகாயதன் கண்ணால் காண்பதன்றி வேறொன்றும் இல்லை என்கிறான். தன் பழம்பிறப்பை அறிந்த மணிமேகலை அது கேட்டு நகைக்கிறாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்பதையே நீ அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்பது அவள் வினா. மூதாதையரைப் பற்றிய அறிவு நினைவாக வருவதன்று என்பதை இவ்வளவு சுருக்கமாகக் கூறிய இடம் தமிழில் அரிது.

சிலப்பதிகாரத்திலும் பழம்பிறப்பு உண்டு. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடன் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்ததை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. ஆனால் அது பிறர் சொல்லக் கேட்பதே. நினைவாக வருவது இறுதியில் உள்ள வரந்தரு காதையில்தான். அங்கே நீர் தெளிக்கப்பட்ட மூன்று சிறுமியர் கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும் மாதரியாகவும் மாறி அழுது அரற்றுகின்றனர்.

புதுச்சேரியில் அரவிந்தர்

1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், அங்கிருந்து 1914 முதல் 1921 வரை வெளியான ஆர்யா இதழில் மறுபிறப்பு பற்றிய கட்டுரைகளை ஆங்கிலத்தில் எழுதினார். முற்பிறப்பு நினைவில்லாமை மறுபிறப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பது அவர் வாதம். அதே வேளையில், ஒரே ஆள் உடையை மாற்றிக்கொள்வதுபோல் அதே குணத்துடனும் அதே பெயருக்குரிய தன்மையுடனும் திரும்பி வருகிறான் என்னும் பொதுநம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. ஆளுமை ஒவ்வொரு பிறவிக்கும் புதிதாக அமைகிறது. வளர்வது உள்ளிருக்கும் உயிர் என்றார். இது புனைவைப் பற்றிய கருத்தன்று. ஆயினும் ஒரே நடிகர் இரு பிறவிகளிலும் ஒரே முகத்துடன் தோன்றும் திரைக்கதை மரபுக்கு, அது தமிழில் வேரூன்றுவதற்கு முன்பே எழுதப்பட்ட மறுப்பாக இதனைப் படிக்கலாம்.

புதினமும் திரைப்படமும்

கல்கி எழுதிய சோலைமலை இளவரசி 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தைப் பின்னணியாகக் கொண்டது. காவல்துறைக்குத் தப்பி இடிந்த கோட்டையில் ஒளியும் குமாரலிங்கம், தான் முன்பு ஆங்கிலேயரை எதிர்த்த மாறனேந்தல் அரசன் உலகநாதத் தேவனாக இருந்ததாக உணர்கிறான். அவனுக்கு உணவளிக்கும் பொன்னம்மாள் அக்கால இளவரசி மாணிக்கவல்லியாகத் தோன்றுகிறாள். மணிமேகலையில் பற்றை அறுத்த நினைவு இங்கே பற்றை வளர்க்கிறது. காதலும் நாட்டு விடுதலையும் முற்பிறப்பில் முடியாத பணிகளாகி, இப்பிறப்பில் தொடர வேண்டியவை ஆகின்றன.

ஸ்ரீதர் இயக்கிய நெஞ்சம் மறப்பதில்லை (1963) இம்மரபின் புகழ்பெற்ற திரைப்படம். கல்யாண்குமாரும் தேவிகாவும் இரு பிறவிகளிலும் காதலராக நடித்தனர். முற்பிறப்பில் காதலைத் தடுத்துக் கொலை செய்த ஜமீன்தாராக நம்பியார் நடித்தார். காதலர் இறந்து மீண்டும் பிறக்க, ஜமீன்தார் மட்டும் சாகாமல் நூறு வயதைக் கடந்து பழியுடன் காத்திருப்பது கதையின் புதுமை. முன்பு தன் மகனாக இருந்தவன் வேறு வீட்டில் பிறந்து வந்த பின்னும் அம்முதியவரின் பகை தீர்வதில்லை.

இந்தித் திரைப்படமான கர்ஸ் (1980) தமிழில் எனக்குள் ஒருவன் (1984) ஆயிற்று. பழிவாங்கலே அதன் மையம். கே. வி. ஆனந்தின் அநேகன் (2015) முற்பிறவிகளுள் ஒன்றை 1960-களின் பர்மாவில் அமைத்தது. தமிழர்கள் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த வரலாறு, பலர் மறந்துவிட்ட நிலையில், ஒரு பெண்ணின் முற்பிறப்பு நினைவாகத் திரைக்கு வந்தது. சிவா இயக்கிய கங்குவா (2024) 1070-ஆம் ஆண்டையும் நிகழ்காலத்தையும் இணைத்தது.

மூதாதை நினைவு

ஏ. ஆர். முருகதாசின் ஏழாம் அறிவு (2011) மறுபிறப்பின் இடத்தில் மரபணுவை வைத்தது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகக் காட்டப்படும் போதிதர்மரின் ஆற்றல்கள், பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழும் அவருடைய வழித்தோன்றல் ஒருவரிடம் மரபணு ஆய்வின் மூலம் எழுப்பப்படுகின்றன. இரு வேடங்களிலும் சூர்யா நடித்தார். இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. ஆபுத்திரனின் நினைவு அவன் செய்த வினைக்கு உரியது. யாரும் எங்கும் பிறக்கலாம். மரபணு நினைவோ குடிவழியில் வந்தவருக்கு மட்டுமே உரிய சொத்து.

மேலை நாட்டுப் புனைவிலும் இவ்விரு வழிகளும் உள்ளன. ரைடர் ஹாகார்டின் ஷீ (1887) கதையில் இரண்டாயிரம் ஆண்டுகள் காத்திருக்கும் ஆயிஷாவிடம் வந்து சேருபவன் பழைய காதலனின் மறுபிறப்பாகவும் வழித்தோன்றலாகவும் ஒருங்கே இருக்கிறான். பிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் (1965) புதினத்தில் ஒரு பெண்கள் அமைப்பினர் தம் மூதாட்டியரின் நினைவுகளைப் பெறுகின்றனர். 2007-இல் வெளியான அசாசின்ஸ் கிரீட் கணினி விளையாட்டில் அனிமஸ் என்னும் பொறி ஒருவரின் மரபணுவிலிருந்து மூதாதையின் வாழ்வைப் படித்துக் காட்டுகிறது.

அறிவியல் நோக்கில் இதற்கு இடம் மிகக் குறைவு. மனித மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. எழுத்துக்கு இரண்டு பிட்டு வீதம் கணக்கிட்டால் 75 கோடி பைட்டு, அதாவது ஒரு குறுந்தகட்டின் கொள்ளளவைவிடச் சற்றே மிகுதி. அதில் ஒருவரின் வாழ்வனுபவம் பதிவதற்கான வழி எதுவும் கண்டறியப்படவில்லை. மேலும் 1500 ஆண்டுகளை 25 ஆண்டுக்கு ஒரு தலைமுறை என வகுத்தால் 60 தலைமுறைகள் ஆகின்றன. ஒவ்வொரு படியிலும் பெற்றோர் இருவர் என்பதால் அத்தலைமுறையில் ஒருவருக்குரிய மூதாதையர் இடங்கள் ஒன்றை அடுத்துப் பதினெட்டுச் சுழியங்கள் கொண்ட எண்ணைத் தாண்டும். அக்காலத்தில் அத்தனை மனிதர்கள் இல்லாமையால், ஒரே மூதாதையர் பல கிளைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றனர். அவ்வளவு தொலைவில் உள்ள ஒரு குறிப்பிட்ட மூதாதையின் மரபணுத் துண்டு எதுவும் ஒருவரிடம் எஞ்சியிராமல் போவதே பெரும்பாலும் நிகழ்வது. ஆண்வழியே செல்லும் ஒய் நிறப்புரி போன்ற சிலவே இதற்கு விலக்கு.

இத்துறையில் அடிக்கடி சுட்டப்படும் ஆய்வு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயஸ், ரெஸ்லர் ஆகியோர் 2013 இறுதியில் வெளியிட்டது. ஒரு குறிப்பிட்ட மணத்தை அஞ்சும்படி பழக்கப்பட்ட ஆண் எலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அம்மணத்திற்கு மிகையாக எதிர்வினை காட்டின என்பது அதன் முடிவு. அதன் புள்ளியியல் குறித்தும், இது எவ்வாறு நிகழக்கூடும் என்பது குறித்தும் விவாதங்கள் எழுந்தன. அவ்வெலிகளுக்கு இறங்கியதாகச் சொல்லப்பட்டது ஒரு மணத்தின்பால் கூடுதல் கூருணர்வே. எந்தக் கூண்டில், எந்த நாளில் அச்சம் பிறந்தது என்பது அன்று.